காக்கிச் சட்டைக்காரர் வென்ற கோப்பை

பள்ளிவாசலும் மாதா கோவிலும் பிள்ளையார் கோவிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற பாளையம் சந்திப்பைக் கடந்து சிறிது தூரம் நடந்தால், திருவனந்தபுரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஏறிட்டுப் பாராமலே தாண்டிப் போய்விடுகிற விளையாட்டு மைதானம் ஒன்று தென்படும். கேரள போலீசின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாயிருந்த சந்திரசேகரன் நாயரின் பெயரைத் தாங்கிய அந்த மைதானம் போலீஸ் இலாகாவின் உடைமை. பத்மநாபசுவாமியின் சந்நிதியைப் பற்றியும், சாலைக் கடைத்தெருவைப் பற்றியும், சுவாதித் திருநாள் மகாராஜாவின் சங்கீத வைபவத்தைப் பற்றியும் நம்மவர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள்; ஆனால் 1990-லும் 1991-லும் பாரத தேசத்தின் கால்பந்துக் கழகங்களில் தலைசிறந்தது எது என்ற கேள்விக்கு விடையாயிருந்த ஒரு கோஷ்டி, இந்த நகரத்தைத் தலைமையிடமாகவும் இந்த மைதானத்தைத் தன் சொந்த மைதானமாகவும் கொண்டு வளர்ந்தது என்பதும், அந்தக் கோஷ்டியில் ஆடியவர்கள் மாதச் சம்பளம் வாங்குகிற போலீஸ்காரர்கள் என்பதும் தமிழ் வாசகர்களுக்குச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டிய சங்கதி.

அந்த வெற்றியின் பெருமை விளங்கவேண்டுமானால், அக்காலத்தில் நம் நாட்டுக் கால்பந்தாட்டம் எவ்வாறு நடந்துவந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தேசம் முழுவதற்குமான லீக் என்ற ஏற்பாடு 1996-ல்தான் வந்தது. அதற்கு முன்பு மாநிலங்களுக்கிடையே சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941 முதல் நடந்துவந்தது. கழகங்களுக்கோ, வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆரம்பமான டூரண்ட் கோப்பை, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை, கல்கத்தாவின் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்று அந்தந்த ஊர்களின் பழம்பெரும் பந்தயங்கள் இருந்தன. எல்லாப் பிரதேசத்துக் கழகங்களையும் ஓரிடத்தில் கூட்டி, இவர்களுள் யார் மேல் என்று தீர்மானிப்பதற்காக அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 1977-ல் ஏற்படுத்தியதுதான் ஃபெடரேஷன் கோப்பை. முதல் பந்தயம் கொச்சியில் நடந்தது. பெங்களூர் டெலிபோன் தொழிற்சாலையின் கோஷ்டியான ஐ.டி.ஐ., பேர்பெற்ற மோகன் பகானை வீழ்த்திக் கோப்பையை எடுத்துச் சென்றது. அதன் பிறகு மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய கல்கத்தாவின் மூன்று மாபெரும் கழகங்களும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே அதை மாற்றிக்கொண்டிருந்தன. 1988-லும் 1989-லும் கோவாவின் சல்காவுக்கர் கழகம் அந்த ஆதிக்கத்தை உடைத்து, அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. கோப்பை பிறந்த மண் கேரளமாயிருந்தும், கேரளத்துக் கழகம் ஒன்றுகூட அதுவரை அதைத் தொட்டதில்லை.

ஜனங்களுக்கு அபிமானம் இல்லாமையால் அல்ல. மலபாரில் அறுவடை முடிந்த வயல்களில் கவுங்கு மரத்தைப் பிளந்து காலரி கட்டி, ஏழு பேர் கொண்ட செவன்ஸ் ஆட்டத்தை இரவெல்லாம் விளக்கொளியில் பார்க்கிற கூட்டத்தைக் கண்டவர்களுக்கு அந்த மோகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கோழிக்கோட்டில் நாக்ஜி கோப்பை, திருவனந்தபுரத்தில் ஜி.வி. ராஜா கோப்பை என்று ஊருக்கு ஊர் பந்தயங்கள் இருந்தன. 1973-ல் எர்ணாகுளத்தில் ரயில்வே கோஷ்டியை 3-2 என்ற கணக்கில் தோற்கடித்துக் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றபோது, இறுதி ஆட்டத்தின் மூன்று கோல்களையும் தாமே அடித்த காப்டன் மணியின் பெயர் அங்கே வீட்டுக்கு வீடு புழங்கியது. குறைவாயிருந்தது அபிமானமல்ல, பணம். கல்கத்தாக் கழகங்களைப்போல ஆட்டக்காரனுக்கு மொத்தமாகத் தொகை கொடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய சீமான்களின் கழகம் கேரளத்தில் வேர்கொள்ளவில்லை.

அந்த இடத்தை நிரப்பியவைதான் இலாகாக்களும் தொழிற்சாலைகளும். களமசேரியில் பிரீமியர் டயர்ஸ், திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம், திருவிதாங்கூர் ஸ்டேட் பாங்கு, மின்சார வாரியம், போக்குவரத்துக் கழகம் என்று ஒவ்வொரு ஸ்தாபனமும் தனக்கென்று ஒரு கோஷ்டி வைத்திருந்தது. நன்றாக ஆடுகிற பையனுக்கு நிர்வாகம் ஓர் உத்தியோகம் கொடுக்கும். அவன் காலையில் பயிற்சி செய்வான். பந்தயக் காலங்களில் அவனுக்கு வேலையிலிருந்து விடுதலை உண்டு. கால் ஓய்ந்த பிறகும் மேஜையும் நாற்காலியும், முதுமையில் பென்ஷனும் அவனுக்காகக் காத்திருக்கும். பந்து சோறு போடுமா என்று பிள்ளையைக் கேட்காத தகப்பன் எந்த ஊரிலும் கிடையாது. கடலோரத்துக் குப்பத்திலும் மலப்புரத்து மலையடிவாரத்திலும் இருந்த தகப்பன்மார்களுக்கு அந்தக் கேள்விக்கு விடை சொன்னது இந்த உத்தியோகம் ஒன்றுதான். சர்க்கார் சம்பளம் ஆட்டத்தின் தீட்சண்யத்தை மழுங்கடித்துவிடும் என்று வாதிப்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயம் நேர்மாறானது. நாளைய சாப்பாட்டைப் பற்றிய பயம் நீங்கிய கால்கள்தான் தைரியமாக ஓடும் என்பதற்கு நான் சொல்லவரும் இந்தச் சரித்திரமே சாட்சி.

கேரள போலீசுக்கு முறையான ஒரு கால்பந்துக் கோஷ்டி வேண்டுமென்று 1984-ல் முனைந்தவர், அந்த இலாகாவின் தலைமைப் பதவியில் இருந்த எம்.கே. ஜோசப். ஏற்கெனவே படையில் இருக்கிறவர்களுள் பந்து உதைக்கத் தெரிந்தவர்களைப் பொறுக்கித் திருப்தியடைந்துவிடாமல், கல்லூரி மைதானங்களிலும் இளைஞர் பயிற்சி முகாம்களிலும் தலைதூக்குகிற பையன்களைத் தேடிப்பிடித்து, அவர்களுக்குக் காக்கிச் சட்டை அணிவித்து, ஒன்றாகத் தங்கவைத்து ஒன்றாகப் பயிற்சி கொடுப்பது என்பதுதான் அவருடைய திட்டத்தின் விசேஷம். பிற இலாகாக்களில் ஆட்டக்காரர்கள் மாலையில் வீடு திரும்புகிற குமாஸ்தாக்கள். போலீசிலோ முகாம் வாழ்க்கை, விடியற்காலத்து எழுச்சி, ஓட்டம், கட்டுப்பாடு என்பவை உத்தியோகத்தோடேயே வந்தவை. ஆறு வருஷ காலத்தில் அந்த முயற்சி கனிந்தது.

அவ்வாறு வந்து சேர்ந்தவர்களுள் ஒருவரைத் தமிழ்நாட்டு ஜனங்கள், கால்பந்தாட்டக்காரர் என்று அறியாமலே, நன்கு அறிவார்கள். 'திமிரு' படத்தில் விஷாலை எதிர்த்து நின்ற அந்தக் கருத்த, கட்டுமஸ்தான மனிதரை, பின்னர் 'பிகில்' படத்திலும் தோன்றியவரை, நினைவிருக்கிறதல்லவா? அவர்தாம் ஐ.எம். விஜயன். திருச்சூரில் 1969-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் பெரிய பந்தயங்கள் நடக்கும்போது காலரிப் படிகளில் ஏறி இறங்கிச் சோடா விற்று, புட்டி ஒன்றுக்குப் பத்துக் காசு சம்பாதித்து வீட்டுக்குக் கொண்டுபோன சிறுவன், கையில் சோடாப் புட்டிகளும் கண்ணில் மைதானமுமாக ஆட்டத்தைக் கற்றான் என்று சொல்வது மிகையாகாது. பதினேழு பதினெட்டு வயதில் அவரைப் போலீஸ் கோஷ்டி தன்னிடம் இழுத்துக்கொண்டது. கொல்லத்தில் நடந்த தேசியப் போட்டியில் அவருடைய ஆட்டத்தைக் கண்டவர்கள், இத்தேசத்துக்கு ஒரு புதிய முன்வரிசைக்காரன் கிடைத்துவிட்டான் என்று உணர்ந்தார்கள்.

விஜயனின் ஆட்டத்தில் என்ன விசேஷம் என்பதைக் கால்பந்து பாராதவர்களுக்கும் விளங்கச் சொல்ல முயல்கிறேன். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற முன்வரிசைக்காரனிடம் உயரத்திலிருந்து பந்து வருகிறது. பின்னால் தடுப்பாட்டக்காரன் ஒருவன் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். சாதாரண ஆட்டக்காரன் பந்தைக் கீழே இறக்கி, காலில் வாங்கி, திரும்பி, பிறகே உதைக்க நினைப்பான். அதற்குள் பந்து அவனை விட்டுப் போயிருக்கும். விஜயனோ மார்பில் பந்தை வாங்குகிற அந்தக் கணத்திலேயே உடம்பைச் சாய்த்து, பந்து தரையைத் தொடுமுன்னரே திரும்பி உதைத்துவிடுவார். வாங்குதலும் திரும்புதலும் அடித்தலும் மூன்று காரியங்களாக இல்லாமல் ஒரே காரியமாக நிகழ்ந்துவிடும். பின்னாளில் கல்கத்தா ரசிகர்கள் அவருக்குக் கருமான் என்று பெயரிட்டார்கள்.

முன்வரிசையில் விஜயன் எப்படியோ, பின்வரிசையில் அப்படியே வி.பி. சத்யன். கண்ணூர் மாவட்டத்து மேக்குன்னில் 1965-ல் பிறந்த இவர், கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கிற ஸ்டாப்பர் என்னும் பொறுப்பை வகித்தவர். கோல் அடிக்கிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். ஸ்டாப்பர் தொண்ணூறு நிமிஷமும் ஒழுங்காக ஆடினால் ஒருவரும் அவனைக் கவனிப்பதில்லை, ஒரே ஒரு கணம் தவறினால் ஊரே ஏசும். சத்யன் மெத்தப் பெரிய ஆகிருதி உடையவர் அல்லர்; ஆயினும் கார்னர் உதையில் பந்து வருகிறபோது, எதிரிகளின் உயரமான ஆட்டக்காரர்களுக்கும் மேலே அவருடைய தலை எழும்பி நிற்கும். எங்கே எப்போது எழும்பவேண்டும் என்று கணித்துவிடுகிற கூர்மை அது. காயங்கள் அவரை ஓயாமல் துரத்தின. வலியை வெளியே காட்டாமல் ஆடியவர் என்றே அவரோடு விளையாடியவர்கள் அவரை நினைவுகூர்கிறார்கள். 1991 முதல் சில ஆண்டுகள் அவர் இந்தியக் கோஷ்டிக்குத் தலைமை வகித்தார். 1995-ல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று சம்மேளனம் அவரைத் தேர்ந்தெடுத்தது.

கோலைக் காத்தவர் கே.டி. சாக்கோ. வலப்பக்கத்துப் பின்வரிசையிலிருந்து ஓரத்துக் கோட்டை ஒட்டி முன்னேறித் தாக்குதலிலும் பங்குகொள்கிற ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ, தோபியாஸ், லிஸ்டன், முன்வரிசையில் விஜயனுக்கு இணையாக ஓடிய சி.வி. பாப்பச்சன் என்று அந்த வரிசை நீளும். வடக்கே மலபாரிலிருந்தும் நடுவே திருச்சூரிலிருந்தும் வந்த இந்தப் பையன்கள், ஒரு லீக் பருவத்துக்காக விலை பேசப்பட்டு மறுவருஷம் கலைந்துபோகிறவர்களாக இல்லாமல், வருஷக்கணக்கில் சேர்ந்து ஆடியவர்கள். ஒருவன் பந்தை எந்தக் காலால் எந்த வேகத்தில் கொடுப்பான் என்பது மற்றவனுக்குப் பார்க்காமலே தெரியும்.

ஆனால் அந்த நாட்களில் கேரளத்துக் கால்பந்து ரசிகனின் மனநிலை ஆனந்தமாயிருக்கவில்லை. பெரும்பங்கு இந்தப் போலீஸ்காரர்களைக் கொண்டே அமைந்த கேரள மாநிலக் கோஷ்டி, சந்தோஷ் கோப்பையில் அடுத்தடுத்து நான்கு வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது, நான்கிலும் தோற்றது. 1987-88-ல் சொந்த மண்ணான கொல்லத்தில் பஞ்சாபிடம் பெனால்டி உதைகளில் தோல்வி. மறுவருஷம் குவாஹாட்டியில் வங்காளத்திடம், அதுவும் பெனால்டி உதைகளிலேயே. அதற்கடுத்து மட்காவில் கோவாவிடம். 1990-91-ல் பாலக்காட்டில், மறுபடியும் சொந்த ஜனங்களின் கண்ணெதிரே, மகாராஷ்டிரத்திடம் ஒரே ஒரு கோலில். கோப்பைக்குக் கையெட்டும் தூரத்தில் நின்று நான்கு முறை வெறுங்கையோடு திரும்புகிற துக்கம் எத்தகையது என்பதை விளையாட்டில் மனத்தைப் பறிகொடுத்தவர்களே அறிவார்கள். கேரளத்தான் அரை இறுதிவரை வீரன், இறுதியில் கோழை என்ற வசையும் கூடவே எழத்தானே செய்யும்!

இந்தத் தோல்விகளின் நடுவிலேதான் 1990-ஆம் ஆண்டு ஃபெடரேஷன் கோப்பைப் பந்தயம் திருச்சூரில் நடந்தது. மூன்றாம் முறையும் தொடர்ந்து வென்று சாதனை படைக்கும் நோக்கத்தோடு சல்காவுக்கர் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. கோவாவின் அந்தக் கழகம் சுரங்க வியாபாரத்தில் செல்வாக்குப் பெற்ற குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்தது. தேசியக் கோஷ்டியில் இடம்பெற்றவர்கள் அதில் பலர். எதிரே நின்றவர்களோ, அதுவரை அந்தக் கோப்பையை வென்றறியாத போலீஸ்காரர்கள். ஆட்டம் நடந்த இடம் திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியம். சில வருஷங்களுக்கு முன்புவரை விஜயன் சோடாப் புட்டிகளைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கிய அதே காலரிகள், அன்று அவருடைய பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தன. அந்தப் படிகளில் அன்றைக்கும் யாரோ சிறுவர்கள் சோடா விற்றிருப்பார்கள். அவர்களுடைய கண்கள் மைதானத்தில் யாரைத் தேடியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

2-1 என்ற கணக்கில் கேரள போலீஸ் வென்றது. ஒரு கோல் வித்தியாசத்தில் முன்னணியில் இருந்துகொண்டு கடைசிவரை அதைக் காப்பாற்றுவது கால்பந்தாட்டத்திலேயே மிகக் கடினமான காரியம். எதிரி எல்லாவற்றையும் துறந்து முன்னேறி வருவான். தடுப்பவனுடைய கால்கள் களைத்திருக்கும். பந்தை எவ்விதத்திலாவது தொலைவில் உதைத்துத் தள்ளிவிடலாமென்ற சபலம் மேலிடும். அப்படித் தள்ளப்பட்ட பந்து மறுகணமே திரும்பி வரும். சத்யனும் சாக்கோவும் இருந்த பின்வரிசையின் மதிப்பு அப்படிப்பட்ட வேளைகளில்தான் வெளிப்படும். நான்கு இறுதி ஆட்டங்களின் வசையை அன்று மாலை திருச்சூர் துடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன், ஏனெனில் பாலக்காட்டுத் தோல்வி பின்னால் காத்திருந்தது. ஆனால் இறுதி ஆட்டத்தில் வெல்லவும் இவர்களால் முடியும் என்பது அன்று நிரூபணமாயிற்று.

மறுவருஷம் 1991-ல் பந்தயம் கண்ணூருக்கு வந்தது; சத்யனின் சொந்தச் சீமை அது. போலீஸ் மீண்டும் இறுதிக்கு வந்து, பம்பாயின் மகீந்திரா அண்டு மகீந்திரா கோஷ்டியை 2-0 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. இந்த இரண்டாம் வெற்றியைப் பற்றிப் பொதுவாக ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அது முதலாவதைவிட அர்த்தபுஷ்டியுள்ளதாகத் தோன்றுகிறது. மகீந்திரா என்பது ஜீப்பும் டிராக்டரும் செய்கிற கம்பெனி. தேசத்தின் மிகப் பெரிய கழகப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் அன்று எதிரெதிரே நின்ற இருபத்திரண்டு பேரும், ஒரு பக்கம் ஓர் இலாகாவின் ஊழியர்கள், மறுபக்கம் ஒரு தொழிற்சாலைக் கம்பெனியின் ஆட்டக்காரர்கள். 1977-ல் டெலிபோன் தொழிற்சாலையின் கோஷ்டி முதல் கோப்பையை வென்றதையும், 1979-ல் எல்லைப் பாதுகாப்புப் படை வென்றதையும், 1982-ல் பம்பாயின் மஃபத்லால் ஆலைக் கோஷ்டி மோகன் பகானோடு கோப்பையைப் பகிர்ந்துகொண்டதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், இந்தியக் கால்பந்தாட்டத்தின் பாரத்தில் எவ்வளவு பங்கை இந்த வேலைகொடுக்கும் ஸ்தாபனங்கள் தாங்கின என்பது புலனாகும். கல்கத்தாவின் கீர்த்தி நிறைந்த சரித்திரத்தில் இந்தப் பங்கு மங்கிப்போய்விட்டது.

அதே 1991-ல் திருவனந்தபுரத்துக்கும் ஒரு பாக்கியம் கிட்டியது. வெளிதேசக் கோஷ்டிகள் வந்து ஆடுகிற நேரு கோப்பைப் பந்தயம் அவ்வருஷம் இந்த நகரத்தில் நடந்தது. ருமேனியா ஹங்கேரியை வென்று கோப்பையைப் பெற்றது. மெதுவாய் நடந்து, மெதுவாய்ப் பேசி, மாலையில் கிழக்கேகோட்டைக்குள் சுவாமி தரிசனத்துக்குப் போகிற ஊர் என்று பெயரெடுத்த தலைநகரம், ஐரோப்பியக் கால்பந்தைத் தன் கண்ணால் பார்க்கிற வாய்ப்பை அன்றைக்குப் பெற்றது. விளையாட்டுக்காகத் தம் வாழ்க்கையையே அர்ப்பணித்து, கேரள விளையாட்டுக் கவுன்சிலுக்கு அஸ்திவாரமிட்ட கோதவர்ம ராஜா, 1971-ல் விமான விபத்தில் காலமாகாமல் இருந்திருந்தால் அந்தக் காட்சியைக் கண்டு எவ்வளவு பூரித்திருப்பார்!

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இந்தக் கோஷ்டியின் உச்ச நிலையைத் தம் மண்ணிலேயே பார்க்கிற சந்தர்ப்பம் 1992-ல் வாய்த்தது. அவ்வருஷத்துச் சந்தோஷ் கோப்பைப் போட்டி கோயம்புத்தூரில் நடந்தது. சத்யன் தலைமையில் வந்த கேரளம், இறுதியில் கோவாவை 3-0 என்று தோற்கடித்தது. பத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகு, நான்கு இறுதித் தோல்விகளைத் தாண்டி, கோப்பை கேரளத்துக்குத் திரும்பியது. மறுவருஷம் கொச்சியில் குரிகேஷ் மாத்யூவின் தலைமையில் மகாராஷ்டிரத்தை 2-0 என்று வென்று அதை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். பாலக்காட்டுக் கணவாயின் இந்தப் பக்கத்து மைதானத்தில்தான் அந்தச் சாபம் நீங்கிற்று என்பதில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டென்று நான் பெருமைப்படுகிறேன்.

இவ்வளவு கீர்த்தி பரவிய பிறகு கல்கத்தா சும்மா இருக்குமா? 1991-லேயே விஜயனை மோகன் பகான் அழைத்துக்கொண்டது. சத்யனும் பிற்பாடு கல்கத்தாக் கழகங்களுக்குப் போனார். கால்பந்தாட்டக்காரனின் இளமை பத்து வருஷம். அதற்குள் கிடைக்கிற பெருந்தொகையை வேண்டாமென்று சொல்லும்படி, வறுமையில் பிறந்த ஒருவனை நாம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. விஜயன் பஞ்சாபின் ஜே.சி.டி. ஆலைக் கோஷ்டிக்குப் போனார், பிறகு 1997-ல் கேரளத்தின் முதல் பெரிய தொழில்முறைக் கழகமான எஃப்.சி. கொச்சினுக்கு வந்தார். அந்த வருஷமே மோகன் பகானைத் தோற்கடித்து டூரண்ட் கோப்பையை வென்ற அந்தக் கழகம், பணமுடையால் சில ஆண்டுகளிலேயே ஒடுங்கிப்போயிற்று. பாப்பச்சனைப் போன்றவர்கள் காக்கியோடேயே நின்றார்கள்.

சத்யனின் கதைக்கு வருகிறேன். பிற்பாடு அவர் சென்னைக்கு வந்து இந்தியன் பாங்கில் சேர்ந்து, அதன் கோஷ்டிக்காக ஆடினார். ஆட்டம் ஓய்ந்த பிறகும் சென்னையிலேயே வாழ்ந்தார். 2006 ஜூலை 18-ஆம் தேதி பல்லாவரத்தில் ரயில் பாதையில் அவருடைய உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. இந்தியாவின் தலைவனாக நின்ற ஒருவர் நம் புறநகர் ரயிலில் நம்மோடு உட்கார்ந்து போய்வந்துகொண்டிருந்தார் என்பதை அன்று காலைவரை சென்னைவாசிகளில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? விஜயனின் முகம் தமிழ்த் திரையில் முதன்முறையாகப் பிரபலமானதும் அதே வருஷம்தான். மைதானத்தில் உடம்பை முற்றிலும் செலவழித்துவிட்ட மனிதனுக்கு வருமானம் மட்டும் போதாது. அவனை அறிந்தவர்கள், அவனுடைய பெயரைச் சொல்லி அழைக்கிறவர்கள், அவனுக்கு இன்னும் ஏதோ ஒரு காரியம் இருக்கிறதென்று நம்பவைக்கிறவர்கள் சுற்றிலும் இருக்கவேண்டும். சத்யனின் வாழ்க்கையைக் கொண்டு 2018-ல் மலையாளத்தில் 'கேப்டன்' என்ற திரைப்படம் வந்தது. ஜயசூர்யா அவராக நடித்தார்.

இலாகாக் கோஷ்டிகளின் காலம் மெல்ல மெல்ல மங்கிவிட்டது. 1996-ல் தேசிய லீக் வந்ததும், வருஷம் முழுவதும் ஊர் ஊராகப் பயணம் செய்து ஆடக்கூடிய, ஒப்பந்தப் பணம் கொடுக்கக்கூடிய கழகங்களே முன்னணிக்கு வந்தன. மகீந்திரா தன் கோஷ்டியை 2010-லும், ஜே.சி.டி. 2011-லும் கலைத்துவிட்டன. திருவிதாங்கூர் ஸ்டேட் பாங்கே 2017-ல் பாரத ஸ்டேட் பாங்கில் கலந்துவிட்டது. ஃபெடரேஷன் கோப்பையும் 2017-உடன் நின்றுபோயிற்று. அது நின்றுபோகும்வரை அதை வென்ற கேரளத்துக் கழகம் போலீஸ் ஒன்றுதான். பிற்பாடு 2021-ல் ஐ-லீக்கை வென்று, தேசிய லீக் பட்டம் பெற்ற முதல் கேரளக் கழகமென்ற பெயரை கோகுலம் கேரளா எடுத்துக்கொண்டது. மஞ்சள் சட்டை ரசிகர்களால் கொச்சியை நிரப்புகிற பிளாஸ்டர்ஸ் கழகமோ இந்தியன் சூப்பர் லீக்கில் மூன்று முறை இறுதிக்கு வந்தும் இன்னும் பட்டத்தைக் காணவில்லை.

இப்போது சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்துக்குப் புதிய குடித்தனமும் வந்திருக்கிறது. 2024-ல் ஆரம்பமான சூப்பர் லீக் கேரளாவில் தலைநகரத்தின் சார்பில் ஆடுகிற திருவனந்தபுரம் கொம்பன்ஸ் கழகத்தின் மைதானம் அதுவே. பிரேசில் தேசத்துப் பயிற்சியாளரும் ஆட்டக்காரர்களுமாக வந்து முதல் வருஷமே அரை இறுதிவரை முன்னேறி, கோழிக்கோட்டுக் கழகத்திடம் 2-1 என்று தோற்றார்கள். விளக்கொளியில் நடக்கிற அந்த ஆட்டங்களுக்குக் கூட்டம் வருவது எனக்கு மெத்த சந்தோஷம் அளிக்கிறது. ஆயினும் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் ஆட்டக்காரன் என்ன செய்வான் என்ற பழைய கேள்விக்குப் புதிய லீக்குகள் இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லை. பொழியூரிலும் விழிஞ்ஞத்திலும் கடற்கரை மணலில் பந்து உதைக்கிற பையனின் தகப்பன் அதைத்தான் முதலில் கேட்பான். அவனுக்குச் சொல்ல நம்மிடம் விடை இருக்கவேண்டும்.

விஜயன் பிற்காலத்தில் போலீஸ் உத்தியோகத்துக்கே திரும்பினார். 2025-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, அவ்வருஷமே மலபார் ஸ்பெஷல் போலீசில் டெபுடி கமாண்டண்ட் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். ஷரஃப் அலி போலீசில் கமாண்டண்டாக உயர்ந்து, பின்பு 2023-ல் கோதவர்ம ராஜா அஸ்திவாரமிட்ட அதே விளையாட்டுக் கவுன்சிலின் தலைவரானார். கேரள போலீஸ் கோஷ்டி மாநிலத்துப் பிரீமியர் லீக்கில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. 1990-லும் 1991-லும் கோப்பையைத் தூக்கியவர்களுள் பலர் நல்ல நினைவோடு நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்களை உட்காரவைத்து, திருச்சூரிலும் கண்ணூரிலும் நடந்த ஒவ்வோர் ஆட்டத்தையும் நிமிஷம் நிமிஷமாகச் சொல்லச் செய்து எழுதிவைக்கிற வேலையைக் கேரளத்துப் பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்று இந்த வருஷமே தொடங்கவேண்டும்.